பஸ் ஜன்னல் வழியே ஒரு தணிக்கை

அரசாங்க வேலையில் பொய் சொல்ல வாய் தேவையில்லை, பேனா போதும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே இதைக் கண்டுபிடித்த மேதை நான்.

சாலையோர விளம்பரப் பலகைகளுக்கு அரசு உரிமம் கட்டாயமான புதிது. பெரம்பலூரிலிருந்து பாடாலூர் வரை நிற்கும் பலகைகளை நேரில் பார்த்து, கால் துருப்பிடித்ததா, காற்றுக்கு ஆடுகிறதா என்று எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். கூடவே ஒரு மனு. பாடாலூரில் இட்லிக் கடை வைத்திருந்த செல்லம்மாள் கொடுத்தது. தன் கடைக்கு மேல் நிற்கும் பலகை ஆடுவதாகவும், பயந்துபோய்க் கடையைக் கொஞ்ச தூரம் தள்ளிப் போட்டிருப்பதாகவும், அங்கே வியாபாரமே இல்லை என்றும் எழுதியிருந்தார்.

சித்திரை வெயில். புதுச் செருப்பு வேறு (கடித்தது, அதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்). திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோன பலகைக்கெல்லாம் ஒரு டிக் போட்டேன். எதுவும் ஆடவில்லை, பஸ்தான் ஆடியது. அந்த ஆட்டத்தில் தூங்கியும் போனேன். கண் விழித்தால் பாடாலூர் தாண்டிச் சிறுகனூர்! தூக்கத்தில் கடந்த பலகைகளுக்கும் சேர்த்து 'உறுதியாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். செல்லம்மாளுக்கும் அதே வரிதான் பதிலாகப் போனது.

மூன்றே வாரம். கோடை மழைக் காற்றில் பாடாலூர்ப் பலகை விழுந்தது.

ஆபீசரோடு ஜீப்பில் போனேன். கடைக் கூரை மடங்கிக் கிடந்தது. இட்லிக் குண்டான் சப்பட்டையாகியிருந்தது. செல்லம்மாள் அந்த நேரம் குடத்தோடு தண்ணீர் பிடிக்கப் போயிருந்ததால் பிழைத்திருந்தார். பிளாஸ்டிக் பையில் பத்திரப்படுத்தியிருந்த எங்கள் கடிதத்தை ஆபீசரிடம் நீட்டினார்.

"கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு நம்பி, மறுநாளே கடைய இங்கயே திரும்பப் போட்டேன் சார்."

பிறகு செல்லம்மாள் என்னைப் பார்த்து, "வெயில்ல வந்துருக்க புள்ள, உக்காரும்மா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். என்னால் உட்கார முடியவில்லை.

"அத எழுதினது நான்தாங்க."

"நீயா? எப்ப வந்த? பொழுதன்னிக்கும் நான் இங்கதான கெடக்கேன்?"

"பஸ்ல வந்தேங்க."

"எறங்குனியா?"

பதிலுக்கு நான் அழுதேன், அதுவும் நடுரோட்டில், ஆபீசர் முன்னால். தன் உயிரைக் காப்பாற்றிய அதே குடத்துத் தண்ணீரை மொண்டு கொடுத்து, முகம் கழுவச் சொன்னார் செல்லம்மாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பலகைக்காரர் கடையைக் கட்டிக் கொடுத்தார். எனக்கு ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. எல்லாப் பலகைகளையும் மறுபடி நடந்தே போய், கால்களைத் தட்டிப் பார்த்து எழுதினேன். விஷயம் அதோடு முடிந்திருக்கும். கல்யாணமான புதிதில் என் கணவரிடம் மனம் விட்டுச் சொல்லித் தொலைத்தேன் (புத்தி!).

இன்றைக்கும் எங்கள் வீட்டில் "கேஸ் சிலிண்டரை மூடிட்டேன்" என்று நான் சொன்னால், ஹாலிலிருந்து அவர் குரல் வரும்: "எறங்குனியா?" இப்போது மகளும் சேர்ந்துகொண்டாள். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். முதன்முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் சிரிக்கவில்லை என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுந்துபோய், சிலிண்டரை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருவேன்.