மேன்ஹோல் மேல் ஒரு நாற்காலி

செகந்திராபாத்தில் மழையைப் பார்த்துக் கவிதை எழுதுகிறவர்கள் இருக்கலாம். மூடி மாமாவோடு ஒரே சந்தில் குடியிருந்தவர்கள் யாரும் எழுதியிருக்க முடியாது. மேகம் கறுத்தாலே எங்களுக்குக் கலக்கம்தான். அந்தக் கலக்கத்தைச் சந்து முழுவதற்கும் மொத்தமாகச் சப்ளை செய்தவர் அவர்தான்.

மத்திய அரசு கம்பெனி ஒன்றில் தீயணைப்புப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். முதல் தூறல் விழுந்ததும் பிளாஸ்டிக் நாற்காலி, குடை, விசில் சகிதம் வெளியே வருவார். சந்தின் நடுவில் இருக்கும் மேன்ஹோல் மூடியின் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தால் இவர் பதிலுக்கு விசில் அடிப்பார்.

காரணம் இருந்தது. தெருவில் தண்ணீர் ஏறினால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். யாராவது கடப்பாரையோடு வந்து மேன்ஹோல் மூடியை நெம்பித் தள்ளிவிடுவார். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போகும். எல்லோரும் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அடுத்த மழைத்தண்ணீர் வந்து மூடியதும், திறந்த குழி அதற்கடியில் சத்தமில்லாமல் காத்திருக்கும்.

“அது குழி இல்லடா கார்த்தி, முனிசிபாலிட்டியோட வாய்,” என்று என்னிடம் சொல்வார் மாமா. “வரியை மட்டும்தான் முழுங்கும்னு நெனைச்சுக்காதே.”

ஒருநாள் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனார். எனக்கு அப்போது நகரத் திட்டமிடல்மேல் புதுக்காதல். கல்லூரியில் படித்த மழைநீர்க் கால்வாய், தரைச் சாய்வு விகிதம் எல்லாவற்றையும் இன்ஜினியர் தலையில் மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஃபண்ட்ஸ் லேது பாபு,” என்றார். காசு இல்லையாம். இந்த வருஷ முன்னுரிமை, சந்து முனையில் கலர் விளக்கு போட்ட வரவேற்பு வளைவாம்.

“யாரை வரவேற்க? தண்ணியையா?” என்றார் மாமா. “சரி, கால்வாய் வேண்டாம். மூடிக்குக் கீழே ஒரு கம்பிவலையாவது போடுங்க. விழறவன் அதுல நிப்பான்.”

“நெக்ஸ்ட் பட்ஜெட், சார்.”

வளைவு வந்தது. திறப்பு விழாவன்று பளீர் வெயில். மாமா அன்றும் மூடிமேல் நாற்காலி போட்டு, வளைவுக்கு நேர் எதிரே விறைப்பாக உட்கார்ந்திருந்தார். யாரோ பழைய தியாகி என்று நினைத்து எங்கள் வார்டு உறுப்பினரான கார்ப்பரேட்டர் அவருக்குச் சால்வை போர்த்திவிட்டார். மாமா எழுந்திருக்கவே இல்லை. “வலை எங்கே?” என்றார். கூட்டம் பலமாகக் கைதட்டியது.

அந்த வளைவின் பெயிண்ட் வாசனை போவதற்குள் ஒரு சாயங்காலம் வானம் உடைந்தது. சந்தின் கோடியில் ஓடும் பெரிய சாக்கடைக் கால்வாய் நிரம்பி, தண்ணீர் யாதகிரியின் பால் கடைக்குள் ஏறியது. யாதகிரி கடப்பாரையோடு ஓடிவந்தான்.

“லேவண்டி சார், எந்திரிங்க! ஃப்ரிட்ஜ் மூழ்குது!”

“நக்கோ, கூடாது! என் பொணத்து மேலதான் திறக்கணும்!”

நாலு பேர் சேர்ந்து அவரை நாற்காலியோடு தூக்கினார்கள். உற்சவ மூர்த்தி மாதிரி கொண்டுபோய் அவர் வீட்டுப் படியில் இறக்கினார்கள். வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டே போனார். சந்தே சிரித்தது. மூடி திறந்தது, தண்ணீர் இறங்கியது, கடை பிழைத்தது.

மழை மட்டும் நிற்கவில்லை. கால்வாய் பொங்கி எதிர்த்துக்கொண்டு வர, தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொடையளவு ஏறியது. கரண்ட் போனது. தார்நாகாவில் ஆய்வுக்கூடம் ஒன்றில் கிளார்க்காக இருக்கும் என் அம்மாவிடமிருந்து அப்போதுதான் போன் வந்தது.

“பஸ்ஸை விட்டு எறங்கிட்டேன்டா. வளைவுகிட்ட நிக்கறேன். மெல்ல நடந்து வந்துடறேன்.”

“வேண்டாம்மா, அங்கேயே...” லைன் செத்துவிட்டது.

படியில் நின்று கத்தினேன். என் குரலை மழை தின்றது. “மூடி எங்க தள்ளினோம்? குழி எங்க?” என்று யாதகிரி உளறினான். நாலு பேர் நாலு திசையில் கை காட்டினார்கள்.

தண்ணீரில் ஏதோ அசைந்தது. மூடி மாமா. நான் கத்தியது அவர் வீட்டுப் படிக்கு மட்டும் எட்டியிருக்க வேண்டும். நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நடந்து வந்தார். நீச்சல் தெரியாத மனிதர். திடீரென்று நாற்காலியின் முன்கால்கள் உள்ளே சரிந்தன. மாமாவும் கூடவே சாய்ந்தார். நான் அலறினேன். எப்படியோ பின்னுக்கு இழுத்து, நாற்காலியைக் குழிமேல் குறுக்கே கவிழ்த்து அழுத்திக்கொண்டு நின்றார். விசில் சத்தம் கேட்டது.

“லலிதா! சுவத்தைப் பிடிச்சிண்டு வா! விசில் கேக்கற பக்கம் வந்துடாதே!”

இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல்: “அண்ணா, நீங்க ஏன் தண்ணில நிக்கறேள்?”

“வேண்டுதல்! பேசாம நட!”

அம்மா சுவரைத் தடவித் தடவிப் படியேறினாள். அவளை உள்ளே தள்ளிவிட்டு, அதே சுவரைப் பிடித்துக்கொண்டு நான் அவரிடம் போனேன்.

“வாங்கோ மாமா, போலாம்.”

“மூடி கிடைக்கட்டும். இன்னும் ஆபீஸ்லேர்ந்து எத்தனை பேர் வரணுமோ.”

யாதகிரி அழாத குறையாகக் காலால் மூடியைத் துழாவிக்கொண்டிருந்தான். நான் மாமாவின் கையைப் பிடித்தேன். அவர் என் விரல்களை இறுக்கிக்கொண்டார்.

“குளிர்றதா மாமா?”

“பயமா இருக்குடா,” என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

தண்ணீர் வடியும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.