உன் மகளுக்கு ஒரே வேலை கிடைத்த விவரம்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து என் அக்காவுக்கு, உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகளும் சுகம். அங்கே நீயும், அத்தானும், அத்தானின் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்காதே. மனசுக்குள் சொன்னதும் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமைக்குள் உன் மகள் ஏதாவது ஒரு வேலையில், அதுவும் ஒரே வேலையில், உட்காராவிட்டால் அத்தான் காரை எடுத்துக்கொண்டு வந்து அவளை அள்ளிப்போட்டுப் போய்த் தன் சிநேகிதரின் கிடங்கில் சரக்குக் கணக்கு எழுத வைத்துவிடுவார் என்று போனில் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கியது, ருசிக்கவில்லை. இனி அத்தான் காரைத் துடைத்து நிழலில் நிறுத்தட்டும். வேலை கிடைத்துவிட்டது. ஒரே வேலை. இந்த வரியை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டு.

நீ என்னவோ பெண்ணைப் படிக்க அனுப்பினேன், தம்பி வீட்டில் அடக்கமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். என் மாடி அறையை வந்து பார். ஒரு மூலையில் தையல் மெஷின், இன்னொரு மூலையில் புத்தகம் பைண்டு பண்ணுகிற பலகையும் பசைச் சட்டியும், நடுவில் குடலை உருவிப் போட்ட ஒரு வானொலி, சுவரெல்லாம் அவள் புதிதாகக் கற்றுக்கொள்கிற ஏதோ ஒரு பாஷையின் எழுத்து. குளியலறையை இருட்டாக்கிப் போட்டோ கழுவுகிறாள். காலையில் பல் தேய்க்கப் போனால் ஈரம் சொட்டச் சொட்ட முன்பின் தெரியாத பத்துப் பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஏம்மா இப்படின்னு கேட்டா, "தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு மாமா"ங்கிறாள். அத்தான்தான் எப்போதும் சொல்வாரே, பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று. நானும் தலையாட்டினேன். அவர் பேசும்போது தலையாட்டாமல் யாரால் இருக்க முடியும்.

அப்போதுதான் விளம்பரம் வந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் பூமி உருண்டை செய்கிற பட்டறை ஒன்றில் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம். பூமி உருண்டை என்பதை நான் மூன்றாம் வகுப்பிலேயே ஒத்துக்கொண்டவன், அதனால் விஷயம் தெரிந்த ஆளாகக் கூடவே போனேன். வழியெல்லாம் அவளுக்கு ஒரே உபதேசம்: கணக்கு மட்டும் தெரியும்னு சொல்லு, தையல், பசை, பாஷை எதுவும் வாயிலிருந்து வரக்கூடாது, வந்தால் நிலையில்லாத பெண் என்று நினைப்பார்கள், அப்புறம் கார் வந்துவிடும். அவள் முகம் வாடிப்போச்சு. ஆனாலும் சரி மாமா என்றாள்.

முதலாளி ஒரு அம்மாள். தொழிலாளர்கள் அவரை உருண்டையம்மா என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் என்னப்பா என்று திரும்பிப் பார்க்கிறார். புடைத்த முன்கை, தலைமுடியில் காய்ந்த பசை. உங்களுக்கு என்ன தெரியும் என்றார். கணக்கு என்றாள். வேறே என்றார். இவள் வாய் திறக்கப் போனது எனக்குத் தெரிந்துவிட்டது, மேஜைக்கு அடியில் அவள் காலை ஓங்கி மிதித்தேன். விஞ்ஞானப்படி பார்த்தால் சரியான இடத்தில்தான் மிதித்தேன், ஆனால் அங்கே இருந்தது உருண்டையம்மாவின் கால். அவர் நாற்காலியோடு பின்னால் போனார். "வேறே ஒண்ணும் தெரியாது மேடம்" என்று உன் மகள் சொன்னாள், பச்சைப் பொய் சொல்கிற குரலில்.

சரியாக அந்த நேரம் அடுத்த அறையில் கூச்சல். விஷயம் என்னவென்றால் அக்கா, உலகப் படத்தைப் படகு மாதிரி நீள நீளக் கீற்றுகளாக வெட்டி, பசை தடவி, பந்து மேல் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே சுற்றி வருவார்கள். அன்றைக்கு எந்த உருண்டையை எடுத்தாலும் கடைசிக் கீற்றுக்கு இடம் இல்லை. பாதிக் கீற்று வெளியே நாக்கு மாதிரித் தொங்குகிறது. சாயங்காலம் அத்தனையும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும், வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். உருண்டையம்மா நொண்டிக்கொண்டே ஓடினார். நானும் சும்மா இருக்கலாமா? அந்தக் காலத்தில் நான் ஒட்டாத போஸ்டரா என்று சட்டைக் கையை மடக்கிவிட்டு ஒரு கீற்றை ஒட்டிக் காட்டினேன். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். தலைகீழாக ஒட்டிவிட்டதாக ஒரு கிழவர் சொன்னார், ஓரத்தை மடித்தும் விட்டேனாம். ஒரு சமுத்திரமே மடிப்புக்குள் போய்விட்டது. இருக்கட்டும், கப்பல்காரர்களுக்குத் தூரம் மிச்சம்.

உன் மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்குத்தான் தெரியுமே, ஆசை வந்தால் அவள் மூக்கு நுனி சிவக்கும். சிவந்தது. என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன், அவள் கண்ணை வேறே பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு கீற்றை எடுத்து ஈரமாக்கி விரலால் நீவிப் பார்த்தாள். தாள் இந்த முறை வேறே கட்டிலிருந்து வந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றார்கள். இந்தத் தாளுக்கு இழை குறுக்கே ஓடவில்லை, அதனால் ஈரம் பட்டதும் அகலத்தில் விரிகிறது, பைண்டு பண்ணும்போது அட்டை வளைவதும் இதனால்தான் என்றாள். ஒவ்வொரு கீற்றும் துளித் துளி பருத்தால் கடைசி ஆளுக்கு எங்கே இடம்? அப்புறம் கத்தரியை வாங்கி, தோள்பட்டை வளைவுக்குத் துணி வெட்டுகிற மாதிரி, கீற்றின் ஓரத்தை நூலளவு சீவினாள். பசையைக் கெட்டியாக்கச் சொன்னாள். ஒட்டினாள். கடைசிக் கீற்று தொட்டிலில் பிள்ளை மாதிரிப் போய்ப் படுத்தது. அதோடு விட்டாளா, ஒரு தீவின் பேரைத் தப்பாக அச்சடித்திருக்கிறீர்கள், அந்த ஊர்ப் பாஷையில் இதற்குச் 'சமையலறை' என்று அர்த்தம் என்று வேறே சொல்லிவிட்டாள்.

எல்லோரும் சேர்ந்து சீவி ஒட்டி லாரியை அனுப்பியபோது உருண்டையம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியாதுன்னீங்களே?"

"மாமா சொல்லச் சொன்னாங்க."

நான் விட்டத்தைப் பார்த்தேன். நல்ல விட்டம். ஏன் சார் என்று அவர் கேட்டதும் எனக்குச் சட்டென்று அத்தானின் பழமொழிதான் வந்தது, பல மரம் கண்ட தச்சன் என்று இழுத்தேன்.

"எனக்குத் தச்சன் எதுக்கு சார்? மரமெல்லாம் பாத்த ஆளைத்தான் இத்தனை வருஷமா தேடுறேன்."

நான் அவளை வாய் மூடச் சொன்னதும் இதற்காகத்தான், அமுக்கினால்தானே பந்து எழும்பும். அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள். பதவியின் பேர் தலைமை உருண்டை நிபுணர். ஒரே வேலை, ஒரே நாற்காலி, ஒரே மேஜை. கேட்கிறவர்களிடம் அத்தான் கம்பீரமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. எல்லோர் வயிறும் மனசும் நிறைந்திருக்கட்டும்.

உன் சொல்லைத் தட்டாத
தம்பி

பின்குறிப்பு: இதுவரைக்கும் அத்தானுக்குச் சத்தமாகப் படி. இந்த இடம் வந்ததும் இருமிவிட்டு நிறுத்திவிடு. உருண்டை, கீற்று, என் மிதி எல்லாம் நிஜம்தான் அக்கா. 'ஒரே வேலை' என்பது மட்டும் நானாகப் போட்டது. அந்தப் பதவிப் பேரும் என்னுடையதுதான். பட்டறையில் காலை நேரம் மட்டும் போதும் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மத்தியானம் ஒரு நாடகக் கொட்டகையில் விளக்குப் போடக் கற்றுக்கொள்கிறாள். நேற்று யாரோ தேனீ வளர்ப்பவரிடம் போய்விட்டு, ஒரு இமை வீங்கி, மற்றக் கண்ணால் சிரித்துக்கொண்டே படியேறி வந்தாள். நான் கெஞ்சாத குறையாக, உங்க அம்மாவுக்கு உன் வேலை என்னன்னுதான் எழுதட்டும் என்று கேட்டேன். "சந்தோஷமா இருக்கேன்னு எழுதுங்க மாமா" என்றாள். அது ஒரு வேலையா என்று அத்தான் கேட்பாரே என்று பயந்துதான் மற்றதை எழுதினேன்.