மூன்று பச்சைக் கையெழுத்தும் ஓர் அடிபம்பும்

சேக்காடு, ஆவடி
14-11-1988

மகா கனம் பொருந்திய மச்சான், கால்நடை மருத்துவர் திரு. தசரதன் அவர்களுடைய சமூகத்துக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் வேம்புலி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்காள் சொர்ணம், மகள் ராணி மூவரும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். உன் அக்காளுக்குக் கை முறிந்து பத்து நாளாகிறது. பதறாதே, புத்தூர்க் கட்டுப் போட்டாகிவிட்டது. இடது கைதான். வலது கையும் வாயும் பழையபடி வேலை செய்கின்றன. மரியாதையாக "உங்கள்" என்று தொடங்கியவன் இரண்டாவது வரியிலேயே "உன்" என்று இறங்கிவிட்டேன், டாக்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் தெருவில் தண்ணீர் இல்லாதது உனக்குத் தெரியும். ரயில்வே லைனைத் தாண்டிப் போய்த்தான் கொண்டுவர வேண்டும். குடத்தோடு லைனைத் தாண்டும்போது ஜல்லியில் வழுக்கித்தான் உன் அக்காள் விழுந்தாள். குடத்துக்குச் சின்ன நசுங்கல்கூட இல்லை, அதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். இப்போது வீட்டுக்கு வேண்டிய பத்துக் குடமும் ராணி தலையில். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் தினம் லைனைத் தாண்டி நடந்து, தலை வாரி, ஓடிப் போய்ச் சேருவதற்குள் பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் முடிந்துவிடுகிறது. "இன்னொரு வாட்டி லேட்டா வந்தா பேர எடுத்துடுவேன்" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார்கள். நான் நாலாங்கிளாஸோடு நின்றவன் மச்சான். இவளும் தண்ணீர்க் குடத்தால் நின்றுவிடுவாளோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, தெருவுக்கு ஒரு அடிபம்பு கேட்போம் என்று மனு எழுதிக்கொண்டு டவுன்ஷிப் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் மனுவைத் தொடக்கூட இல்லை. "யோவ், யாரோ வந்து தண்ணி இல்லன்னா நாங்க நம்பிடணுமா? ஊர் முக்கியஸ்தர் நாலு பேராண்ட கையெழுத்து வாங்கிகினு வா. அதுல ஒருத்தர் கெஜட்டட் ஆபீசரா இருக்கணும்" என்றார். அதாவது, தாகம் எடுக்கிறவன் சொன்னால் அது தாகம் இல்லை, தாகமே எடுக்காதவன் பார்த்துச் சொன்னால்தான் தாகம். எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. லேத், வெல்டிங், பேக்கிங் என்று எல்லாரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். முக்கியஸ்தருக்கு எங்கே போவது? தெருவுக்கு வெளியேதான் தேடினேன்.

முதலில் தெருமுனை வரதன். பழைய விவசாயக் குடும்பம், கிணறும் மோட்டாரும் உண்டு. காபி கொடுத்தார், குடித்துவிட்டு நானே தம்ளரைக் கழுவி வைத்தேன், பழக்கதோஷம். "வேம்புலி, ஒங்கப்பன் எங்க நெலத்துல ஏர் ஓட்னவன். ஒனக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்? பம்ப மட்டும் எங்க கேட்டாண்ட போட்ரச் சொல்லு, மாடு குளிப்பாட்டத் தோதா இருக்கும்" என்றார். அடுத்து குவைத்திலிருந்து வந்த உலகநாதன். கலர் டிவி இருக்கிறதே, முக்கியஸ்தர் இல்லாமல் போவாரா! வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஞாயித்துக்கெழம படம் பாக்க ஊரே நம்மூட்டுக்குத்தான் வருது, அத்தினி பேருக்கும் தண்ணி வேணாமா? பம்பு நம்மூட்டு வாசல்ல. ரிப்பன் நான் வெட்றேன்" என்றார். மூன்றாவது ஆள் சரித்திர வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆன அப்பாவு. அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் எகிப்தில் ஆரம்பித்தார். அங்கிருந்து கிளம்பி நம் ஊருக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. "எந்த நாட்ட வேணா எடுத்துக்கோ, மேல இருக்கிற பத்துப் பேரு எங்க கைய காட்றானோ அங்கதான் ரோடு போவும், ஆறு திரும்பும். அந்தப் பத்துப் பேர்தாம்பா சரித்திரம். மீதிப் பேரு சென்சஸ்" என்றார். நான் மெதுவாக, "அந்தப் பத்துல நம்ம தெருக்காரன் யாருனா கீறானா சார்?" என்று கேட்டேன். மனுஷர் மனுவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அதுக்குத்தான் ஒம்பொண்ண படிக்க வெய்யிங்கறேன்" என்று சொல்லிவிட்டு, மனுவில் பதினோரு பிழை திருத்திக் கையெழுத்துப் போட்டார். பம்பு அவர் வீட்டுக்கு எதிரே வர வேண்டுமாம், ஆனால் மத்தியானம் அவர் தூங்குகிற நேரத்தில் யாரும் அடிக்கக் கூடாதாம். நல்ல மனுஷர்தான்.

இங்கேதான் மச்சான், நான் ஒரு கூத்துப் பண்ணிவிட்டேன். கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார், அந்தப் பச்சைக்குத்தான் ஆபீசில் மதிப்பு என்று எங்கள் பாக்டரியில் சொன்னார்கள். ஒரு பச்சைக்கே அந்த மதிப்பு என்றால் மூன்று பச்சைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்! நானே ஒரு பச்சைப் பேனா வாங்கிக்கொண்டு போய் மூன்று பேரையும் அதிலேயே போடவைத்தேன். கிளார்க் மனுவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதைக்கு என்று நினைத்தேன். "இன்னாய்யா இது? சேக்காட்டுல ஒரே தெருவாண்ட மூணு கெஜட்டட் ஆபீசரா? சீல் எங்க? போலீசக் கூப்புடவா?" என்று கத்தினார். மனுவைப் பிடுங்கிக்கொண்டு நான் பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது மூன்று பேரிடமும் நீல மையில் வாங்கி வைத்திருக்கிறேன்.

நாலாவது நீதான். நம் இரண்டு குடும்பத்திலும் பச்சை மையில் கையெழுத்துப் போட உரிமை உள்ள ஒரே ஆள் நீ. எத்தனையோ மாடு கன்றுக்குச் சர்டிபிகேட் கொடுத்த கை, அக்காள் மகளுக்கும் ஒரு கையெழுத்துப் போடட்டும். மனுவை இதோடு வைத்திருக்கிறேன். சீல் அழுத்தி வை, மங்கலாக விழுந்தால் அந்தக் கிளார்க் என்னை உள்ளே வைத்துவிடுவார். உன் பெண்சாதி வடிவுக்கு எங்கள் விசாரிப்பு, குழந்தைக்கு முத்தம். உன் ஆஸ்பத்திரிக்கு வரும் ஆடு மாடெல்லாம் நோய் தீர்ந்து போகட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் மாமா,
வே. வேம்புலி

பின்குறிப்பு: கையெழுத்துப் போடாதே. இந்தக் கவரை ஒட்டாமல் நான் நாலு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்ததில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. போர் போடுகிற லாரி தானாக வந்து நின்றது. எங்கள் தெரு பேர் போன வருஷமே லிஸ்டில் ஏறியிருக்கிறது, அந்தக் கிளார்க் புரட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் ஷிப்டில் இருந்தேன். மேஸ்திரி, "எங்க போடணும், யாருனா பெரியவங்க கீறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். உன் அக்காள் கட்டுப் போட்ட கையாலேயே தெரு நடுவே பொது இடத்தைக் காட்டியிருக்கிறாள். தண்ணீர் நாற்பதாவது அடியில் வந்துவிட்டது. பெற்றுக்கொண்டதற்கு ராணி கையெழுத்துப் போட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். பம்பு பாழாகிவிடக் கூடாதே, பொறுப்பாக ஒரு ஆள் வேண்டாமா என்று நான்தான் சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன் மச்சான், தெருவே வாசலில் வந்து "அண்ணாத்தே, சாவி" என்று நிற்கும்போது மனசு குளுகுளு என்று இருந்தது. ஒருத்தனை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிற்கக்கூட வைத்தேன். இன்றைக்கு முதல் ஷிப்டுக்குப் போனவன் சாவியோடு போய்விட்டேன். நாற்பத்திரண்டு வீட்டுக் குடமும் வரிசையில் நின்றிருக்கின்றன. கடைசியில் உன் அக்காள் குழவிக் கல்லை எடுத்து ஒற்றைக் கையால் பூட்டை உடைத்திருக்கிறாள். அதற்குள் ராணிக்கு முதல் பீரியட் தவறிவிட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, "பம்பு வந்துடுச்சுன்னியே, இப்ப என்ன சாக்கு?" என்று கேட்டார்களாம். இவள் சொன்ன பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டு வகுப்புக்குள் விட்டுவிட்டார்களாம். என்னடி சொன்னாய் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"எங்கப்பா பெரிய மனுஷன் ஆயிட்டாரு டீச்சர், அதான் லேட்டு."