விற்காத ரொட்டிக்கு நீலச்சாயம்

முப்போகம் விளையும் தளிர்க்காடு நாட்டில் பசி என்ற ஒன்று கிடையாது என்று சட்டமே இருந்தது. சட்டத்தைப் போட்டவர், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலில் வென்று வென்று அரியணையில் தேய்ந்துபோன அரசர். நாட்டுக்கு ஒரே பேரங்காடி, அதுவும் அவருடையது. சாயங்கால மணி அடித்ததும் விற்காத ரொட்டி, பழம் எல்லாவற்றின் மேலும் அழியாத நீலச்சாயத்தை ஊற்றிக் குப்பையில் கொட்டுவார்கள். சும்மா கிடைத்தால் எவன் காசு கொடுத்து வாங்குவான் என்பது அரசாங்கத்தின் கவலை. அங்காடியின் பின்சந்தில் குடியிருப்பவர்கள் எதைத் தின்பார்கள் என்று யாரும் கவலைப்படவில்லை.

வடிவமைப்புக் கல்லூரி மாணவி மகிழினிக்கு இதைப் பார்த்து வயிறெரிந்தது. அங்காடி மேலாளரைப் பேசிச் சம்மதிக்க வைத்து, அவரோடு சேர்ந்து ஒரு சரிவான அடுக்கைச் செய்தாள். முன்னால் புதுச் சரக்கை வைத்தால் பழையது தானாகச் சறுக்கி, பின்சந்தில் திறக்கும் கதவுக்குப் போய்விடும். மணி அடிப்பதற்குள் சந்துக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். சாயப் பானைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சந்தில் இருந்த அரும்பு என்பவளின் பிள்ளைகள் வயிறு நிறைந்து தூங்கினார்கள்.

கழிவுத்துறை அமைச்சர் பார்வையிட வந்தார். "மகத்தான கண்டுபிடிப்பு. இதை இப்படியே விட்டுவிடலாகாது," என்றார். விடவில்லை.

அரசர் திறந்து வைக்காத கதவைத் திறப்பது ராஜதுரோகம் என்று ஆணை வந்தது. அரசர் வேட்டைக்குப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை எல்லாம் அழுகியது. திறந்து வைத்த மறுநாளே இன்னோர் ஆணை. பசித்தவருக்கு மட்டுமே உணவு, அதற்கு அரண்மனை வைத்தியரின் சான்று வேண்டும். வரிசையில் நிற்கத் தெம்புள்ளவருக்குப் பசியே இல்லை என்று வைத்தியர் கண்டுபிடித்தார். நிற்க முடியாமல் விழுந்தவர்களை, வரிசையைக் குலைத்ததாகச் சொல்லி விரட்டினார்கள். விரட்டியவர்கள் அன்று மூன்று வேளையும் சாப்பிட்டவர்கள். இந்தக் கதையைச் சொல்லும் எனக்கு அதுதான் ஆறவில்லை.

சான்று யாருக்கும் கிடைக்காததால் கதவடியில் உணவு குவிந்தது. அமைச்சர் சாயப் பானையைக் கதவுக்கு மேலேயே பொருத்தச் சொன்னார். சறுக்கி வருவது தானாகவே நீலமாகும், ஊற்றும் ஆளும் தேவையில்லை.

"சாப்பாட்டைக் காப்பாத்தத்தான் ஐயா அதைச் செஞ்சேன்," என்று மகிழினி கெஞ்சினாள்.

"சிக்கனத்துக்கும் அதுவே உதவுகிறது, பெண்ணே. உனக்குப் பதக்கம் உண்டு."

அரும்பு வேறு வழியில்லாமல் குப்பையிலிருந்து நீல ரொட்டியை எடுத்து, மேல்தோலைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே இருந்ததைப் பிள்ளைகளுக்கு ஊட்டினாள். சந்தே அப்படித்தான் தின்றது. விரலில் ஏறிய நீலம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"தேர்தல் வரட்டும்மா. இந்த விரலாலயே இவங்களுக்குப் பதில் சொல்றேன்," என்றாள் மகிழினியிடம்.

தேர்தல் வந்தது. வாக்களித்தவர் விரலில் நீலம் வைப்பது அந்நாட்டு வழக்கம். வாக்குச்சாவடி வாசலில் அதிகாரி அரும்பின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நீதான் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுட்டியே. போ."

"இது ரொட்டிச் சாயம்ங்க. நான் இன்னும் உள்ளேயே போகலையே."

அதிகாரி அடுத்தவர் விரலைக் கேட்டார். அதுவும் நீலம். சந்து முழுவதும் வாசலோடு திரும்பியது. பெட்டியைத் திறந்தபோது அவர்கள் அத்தனை பேரின் வாக்கும் அரசருக்கு விழுந்திருந்தது.

வெற்றி விழாவில் கழிவுத்துறை அமைச்சர் மகிழினியின் கழுத்தில் பதக்கத்தைப் போட்டார். பின்சந்தில் ஒரு வாக்குகூட வீணாகவில்லை என்று தழுதழுத்த குரலில் அறிவித்தார்.