ரேடியேட்டரின் அரை மணி நேரம்

கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்குகிறவர்களோடு டீ குடித்திருக்கிறேன். அமிலத்தை லாரியில் ஏற்றிக்கொண்டே பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்டவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு டிவி சேனல் மீது போர் தொடுத்த மனிதர் அந்த ஊரில், ஏன், இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவர்தான் எங்கள் ரேடியேட்டர்.

வீட்டில் வேறு பெயர் வைத்திருப்பார்கள். தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பட ஆலையின் ஸ்டோர்ஸில் வேலை. சீக்கிரம் சூடாவார், சூடானால் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார், அடங்குவார். அதனால் அந்தப் பெயர். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் ஒரு ரசாயனக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பைபாஸ் ஓரத்து லாட்ஜில் அவருக்கு அடுத்த அறை எனக்கு. அதற்கடுத்த அறை வரதனுக்கு. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பையன். லாட்ஜுக்கெல்லாம் சேர்த்து ஹாலில் ஒரே ஒரு டிவி.

ரேடியேட்டருக்குக் கார் பந்தயம்தான் உயிர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐரோப்பாவில் எங்கோ கார்கள் கிளம்பினால் இங்கே லாட்ஜில் யாரும் தும்மக்கூடாது. பந்தயக் கார்கள் டயர் மாற்ற உள்ளே வரும்போதுதான் இவரும் பாத்ரூம் போவார், அவை வெளியே போவதற்குள் திரும்பிவிடுவார். இத்தனைக்கும் அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. லைசென்ஸ் எடுக்கப் போன கதை ஊரறிந்தது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த வளைவுல திரும்புய்யா" என்றிருக்கிறார். ரேடியேட்டர் சாலையின் வலது ஓரத்துக்குப் போய், வளைவை உரசிக்கொண்டு திரும்பி, மறுபடியும் வலது ஓரத்துக்கே வந்திருக்கிறார்.

"இன்னாய்யா பண்றே?"

"இதான் சார் ரேஸ்ல போற லைன். டைம் மிச்சமாவும்."

"கீழ எறங்கு. இன்னும் மிச்சமாவும்."

பெண் பார்க்கும் விஷயத்திலும் இதே பந்தயம்தான் குறுக்கே விழுந்தது. திருப்பாச்சூரிலிருந்து ஒரு பெரியவர், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க லாட்ஜுக்கு வந்தார். மேனேஜர் நல்லெண்ணத்தில், "தண்ணி, சிகரெட்டு எதுவும் கெடையாதுங்க, ஞாயித்துக்கிழமையானா ரேஸு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டார். பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். ரேடியேட்டர் பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே ஓடினார்.

"குதிரை ரேஸ் இல்லீங்க. காரு ரேஸு. டிவில பாக்குறதோட சரி."

பெரியவர் நின்று யோசித்தார். "குதிரைன்னா என்னிக்காவது டப்பு வரும்பா. இதுல அதுவும் இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில்தான் அந்த சேனல் கை வைத்தது.

பந்தயத்தைத் தவிர அதே சேனலில் ஞாயிறு காலை பத்து மணிக்கு அரை மணி நேரம் கார் நிகழ்ச்சி ஒன்று வரும். ஒரு மொட்டைத்தலை வெள்ளைக்காரர் வருவார், பழைய எஞ்சினைப் பிரிப்பார், துடைப்பார், மாட்டுவார், கிளம்பச் செய்வார். அவர் பேசும் ஆங்கிலம் எங்களில் ஒருவருக்கும் புரியாது. புரியவேண்டிய அவசியமும் இல்லை. கை பேசியது. எஞ்சின் உறுமியதும் ரேடியேட்டர் டிவியைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார், அதன் பிறகுதான் நாஷ்டா.

ஒரு ஞாயிறு மொட்டைத்தலையைக் காணோம். அவர் இடத்தில் ஒரு சோபா. சோபாவில் இந்தி நடிகை ஒருவர். எதிரே ஒரு பையன் சிரித்துச் சிரித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாபா இது? காரு எங்க?" என்றார் ரேடியேட்டர்.

"பின்னாடி நிக்கறது பாருங்கோ சார்," என்றான் வரதன்.

"நிக்குது, சரி. எப்ப தொறப்பாங்க?"

"தொறக்க மாட்டா. உட்கார்ந்து பேசிண்டிருப்பா. நடுவுல பாட்டு போடுவா."

அன்று சாயங்காலப் பந்தயமும் கிரிக்கெட் அலசல் முடிந்து பாதியில்தான் ஆரம்பித்தது. கடைசி இரண்டு சுற்று இருக்கும்போது சமையல் எண்ணெய் விளம்பரம். திரும்பி வந்தபோது ஜெயித்தவன் ஷாம்பெயினை எல்லோர் மீதும் பீய்ச்சிக்கொண்டிருந்தான். ரேடியேட்டர் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். அடங்கவில்லை.

வரதனுக்கு நிகழ்ச்சி மாறியதில் வருத்தமில்லை. அவன் அதை ஒளிக்கவும் இல்லை.

"அந்த மொட்டைத்தலை கையெல்லாம் கிரீஸ் சார். சாப்பிடறச்சே பார்க்க முடியறதா? இன்னிக்கு எங்காத்துல அம்மாகூடப் பார்த்தாளாம், போன்ல சொன்னா. முன்னெல்லாம் கார்னாலே சேனலை மாத்திடுவா."

"உங்கம்மாவுக்கு நாள் பூரா சீரியல் கீது வரதா. எனக்குக் கீறது ஒரே அரை மணி நேரம். அதையும் எத்துக்கினு போயி அவங்களுக்கே குடுக்கறது இன்னா நாயம்?"

வரதன் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டான்.

மறுநாள் ரேடியேட்டர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். சேனலின் மும்பை நம்பரை எப்படியோ பிடித்திருந்தார். தமிழ், இங்கிலீஷ், ஆலையில் கற்ற இந்தி மூன்றையும் கலந்து கண்ணாடிக் கதவு அதிரப் பேசினார். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாளாம்.

"இன்னா சொன்னா?" என்றேன்.

"குடும்பமா உக்காந்து பாக்குறாங்களாம். அதுக்கோசரம் மாத்திக்கிறாங்களாம். அப்ப நாம இன்னா, முட்டையிலர்ந்தா வந்தோம்?"

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ஹாலில் இருந்த டிவியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நடிகையின் குரல் சுவரோடு பேசியது. மேனேஜர் கெஞ்சினார். லாட்ஜே திரண்டு திட்டியது. "பேஜாரு பண்ணாதய்யா" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். பத்தரைக்கு எழுந்து டிவியைத் தானே நேராக்கிவிட்டு நாஷ்டா சாப்பிடப் போனார். இப்படியே ஒவ்வொரு ஞாயிறும் நடந்தது. கடைசியில் மேனேஜர், ஊருக்கே கேபிள் கனெக்‌ஷன் கொடுக்கும் பாயைக் கூட்டிவந்தார்.

பாய் பழவேற்காட்டுக்காரர். துணி வியாபாரம் செய்யும் குடும்பம். இவர் மட்டும் கும்மிடிப்பூண்டிக்கு வந்து கேபிள் இழுத்துப் பெரிய ஆளாகியிருந்தார்.

"ரேடியேட்டரே, மேலேர்ந்து இன்னா வருதோ அதைத்தான் நான் உடுறேன். என்னை இன்னா பண்ணச் சொல்றே?"

"நீங்களும் ஒரு சேனல் நடத்துறீங்க இல்ல பாய்? அதுல போடுங்க."

அந்த உள்ளூர் சேனலில் காலையில் பிறந்தநாள் வாழ்த்தும் மஞ்சள் நீராட்டு போட்டோவும்தான் ஓடும். பதினொரு மணிக்கு மேல் ஒரு பழைய படம்.

"இன்னாத்தப் போடுறது? என்கிட்ட ஏது எஞ்சின் பிரிக்கிறவன்?"

"நான் பிரிக்கிறேன்."

"நீயா? உனக்கு லைசென்ஸே குடுக்கலியேபா."

"ஓட்டுறதுக்குத்தான் லைசென்ஸு. பிரிக்கிறதுக்கு இல்ல."

பாய் சிரித்துவிட்டார். சிரித்தவர் ஒப்புக்கொண்டும் விட்டார். மறு ஞாயிறு பத்து மணிக்கு, பாயின் கேபிள் ஆபீஸ் வாசலில், நேரடி ஒளிபரப்பு. கல்யாண வீடியோ எடுப்பவரின் கேமராவிலிருந்து உள்ளே கண்ட்ரோல் ரூமுக்கு ஒயர். பிரிப்பதற்குப் பாயின் பழைய வேன். முன் சீட்டைத் தூக்கினால் அடியிலேயே எஞ்சின். ஆபீஸ் போனில் கூப்பிட்டு யார் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம். போன் எடுக்கிற வேலை எனக்கு.

பாய் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பதினொரு மணிக்கு அவர் குடும்பத்தோடு அந்த வேனில் பழவேற்காடு போயாக வேண்டும். தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

"பத்தரைக்கே மாட்டிக் குட்த்துடறேன் பாய்," என்றார் ரேடியேட்டர்.

முதல் பதினைந்து நிமிடம் பிரமாதம். சட்டையை இன் பண்ணி, தலைக்கு எண்ணெய் வைத்து, கேமராவைப் பார்த்துப் பேசினார். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலும் காற்றும் எங்கே கலக்கிறது என்று அவர் சொன்னவிதத்தில் வரதனே வாயைப் பிளந்து நின்றான். ஒவ்வொரு பாகமாகப் பிரித்து நியூஸ் பேப்பரில் வரிசையாக வைத்தார். பிறகு மாட்ட ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஒரு விஷயம் எங்களுக்கு உறைத்தது. மனிதர் வருடக்கணக்காக எஞ்சின் பிரிப்பதைப் பார்த்திருக்கிறாரே தவிர, ஒரு நாளும் தொட்டதில்லை.

பத்தரை ஆனது. பேப்பரில் இன்னும் பாதிப் பாகங்கள் இருந்தன. பத்தே முக்காலுக்குப் பாயின் குடும்பம் பட்டும் அத்தருமாக வந்து வேனின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தது. பாயின் உம்மா நடுவில், மடியில் பழத்தட்டு. கேமராக்காரர் எதையும் நிறுத்தவில்லை. கும்மிடிப்பூண்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிசம்," என்றார் ரேடியேட்டர் கேமராவைப் பார்த்து.

பின் சீட்டிலிருந்து உம்மா குரல் கொடுத்தார். "நீ அவங்களாண்ட பேசுறதை வுட்டுட்டு அந்த நட்டைப் பாரு தம்பி. அது எங்க போவும்னு நானும் அப்பலேர்ந்து பாத்துக்கினே இருக்கேன்."

போன் அடிக்கத் தொடங்கியது. அடித்துக்கொண்டே இருந்தது. லாரி ஷெட்டிலிருந்து ஒருவர், "அந்தத் தகடைத் தலைகீழா மாட்டிக்கிறாரு, திருப்பச் சொல்லு" என்றார். நான் கத்தினேன், அவர் திருப்பினார். இன்னொருவர், "ஸ்குரூவை முழுசா முறுக்கிடாதன்னு சொல்லு" என்றார். ஆந்திர எல்லை தாண்டித் தடாவிலிருந்து ஒருவர் தெலுங்கில் ஏதோ சொன்னார், வரதன் அதைப் பாதி புரிந்துகொண்டு ஒலிபரப்பினான். பதினொரு மணிப் படத்தைப் போட உள்ளே போன ஆபரேட்டரைப் பாயே தடுத்தார். "இரு, இப்ப நிறுத்தினா ஊரே வந்து ஒதைக்கும்."

கடைசியில் ஒரு சின்ன ஸ்பிரிங்கைக் காணோம். ரேடியேட்டர் பேப்பரை உதறினார், தரையில் குப்புறப் படுத்துத் தேடினார். முகம் தக்காளிப் பழமாகிவிட்டது. முதல் தடவையாக அந்த மனிதர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். பாய் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"டீ கிளாஸுக்குப் பின்னால கீதுங்க. டிவில நல்லா தெரியுது."

இருந்தது.

அதற்குள் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்குகளில் மூன்று பேர் பொறுக்கமுடியாமல் லுங்கியோடு நேரிலேயே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். சாவியைத் திருப்பியதும் வேன் இருமியது, கனைத்தது, கிளம்பியது. தெருவில் விசில் சத்தம். ரேடியேட்டர் கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். உம்மா தட்டிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து அவரிடம் நீட்டி, "அடுத்த வாரம் இன்னாத்தப் பிரிக்கப் போறே?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் மறுபடியும் எஸ்.டி.டி. பூத். மும்பைக்காரப் பெண்ணிடம் அவர் சொன்னதை நான் வெளியே நின்று கேட்டேன். "குடும்பமா உக்காந்து பாத்தாங்க மேடம். வேனுக்குள்ளயே குடும்பமா உக்காந்து பாத்தாங்க."

சேனல் மாறவில்லை. சோபாவும் நடிகையும் அப்படியேதான் இருந்தார்கள். ஆனால் கும்மிடிப்பூண்டியில் ஞாயிறு பத்து மணிக்கு யாரும் அதைப் பார்க்கவில்லை. வரதனின் அம்மா மட்டும் திருவள்ளூரில் பார்த்திருக்கலாம். பாயின் சேனலில் ரேடியேட்டர் ஒன்றரை வருடம் போலப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மெக்கானிக் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நிச்சயதார்த்த வண்டியைத் தொடக்கூடாது என்று பாய் புதிதாக இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். பிறகு ஆலையில் ஆள் குறைத்தார்கள். அவர் ஓசூர் பக்கம் வேலைக்குப் போனார், கல்யாணமும் ஆயிற்று. நானும் ஊர் மாறினேன்.

இன்றும் மாதத்தில் ஒரு ஞாயிறாவது சாயங்காலம் போன் வரும். பந்தயத்தை இந்த சேனலிலிருந்து அந்த சேனலுக்கு மாற்றிவிட்டான், அங்கிருந்து எடுத்து ஏதோ செயலியில் போட்டுவிட்டான், நடுவில் சூதாட்ட விளம்பரம் போடுகிறான், உடக்கூடாதுபா, கேட்கணும்பா என்று ஒரு மணி நேரம் கொதிப்பார். ஆமாண்ணே, அநியாயம்ணே, நிச்சயம் கேட்கணும்ணே என்று நானும் கூடவே கொதிப்பேன். நான் கார் பந்தயம் பார்த்து வருடக்கணக்காகிறது. அதை அவரிடம் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை.