பிலோமினாவின் காதும் என் தலைமுடியும்

பிள்ளைகளை விளையாட்டுக் காட்டி வழிக்குக் கொண்டுவருவது சுலபம் என்று சொல்பவர்களின் தலையைப் பாருங்கள். முடி அடர்த்தியாக இருக்கும். எனக்கும் இருந்தது, என் கலியாணத்துக்கு முந்தின கிழமை வரைக்கும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நான் மன்னாரில் ஒரு கந்தோரில் புதுக் கிளாக்கர். அக்காவின் மகள் பிலோமினாவுக்கு ஏழு வயது. காதுக்குப் பின்னால் சீழ் கட்டிவிட்டது. கீறி எடுக்காவிட்டால் காது கேளாமல் போய்விடும், உயிருக்கும் உத்தரவாதமில்லை என்றார் டொக்டர். அவளோ ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கோயில் மணியையே தோற்கடிக்கும் சத்தத்தில் அலறினாள். அக்கா மூலையில் நின்று செபமாலை உருட்டியபடி அழுதாள்.

பயந்த பிள்ளையின் முன்னால் பொம்மைக்கு வைத்தியம் செய்து காட்டினால் பயம் போய்விடும் என்று ஓர் இங்கிலீஷ் சஞ்சிகையில் வாசித்திருந்தேன். (வாசித்ததோடு நின்றிருக்கலாம். நின்றேனா?)

"அக்கா, நீ விலகு. இது படிச்ச ஆக்கள் செய்யிற வேலை," என்றேன்.

அவளுடைய துணிப் பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, மூக்கில் என் கைலேஞ்சியை வைத்து மயக்க மருந்து கொடுத்தேன். பொம்மை நித்திரை கொண்டது. காதைச் சுற்றிக் கட்டுப் போட்டோம். பிலோமினா கட்டில் காலை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சஞ்சிகை சொன்னது அச்சொட்டாகச் சரி. இன்றைக்கும் சொல்வேன், என்னில் ஒரு பிழையும் இல்லை!

அந்த நேரம் பார்த்துத்தான் ஆஸ்பத்திரி அற்றெண்டன் சவரக் கத்தியும் சவர்க்காரக் கிண்ணமுமாக வந்து சேர்ந்தார். முன்பு மறியல்வீட்டில் கைதிகளுக்குத் தலை வழித்த மனிதர்.

"பிள்ளைக்கு முடி வழிக்க வேணும்," என்றார்.

பிலோமினா மறுபடியும் அலற வாயைத் திறந்தாள். பிறகு யோசித்தாள். பொம்மைக்கு முடி இல்லை. என்னைப் பார்த்தாள்.

"முதல் மாமாவுக்கு!"

"ஓம் குஞ்சு, முதல் மாமாவுக்குத்தான்," என்று வீறாப்பாக முக்காலியில் உட்கார்ந்தேன். தலை முழுக்க நுரை. கத்தியின் முதுகால் தடவிவிட்டால் போதும் என்று அற்றெண்டனுக்குக் கண்ணடித்தேன். வலக்கண்ணால் அடித்தேன், இடக்கண்ணாலும் அடித்தேன்.

"கண்ணில சவர்க்காரம் பட்டிட்டுதோ, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே, நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரே இழுவையாக இழுத்தார் அந்தப் பாவி!

நடுவில் ரோட்டுப் போட்ட தலையோடு மனிதன் என்ன செய்வது? மிச்சத்தையும் வழிக்கச் சொன்னேன்.

பிலோமினா என்னைச் சுற்றிவந்து பார்த்தாள். "ஐயோ, வடிவில்லை! எனக்கு வேண்டாம்," என்றாள். வடிவில்லையாம்! ஆருக்காக வழித்த தலை?

அப்போது டொக்டர் வந்தார். "ஆர் உம்மட தலையை வழிக்கச் சொன்னது? பிள்ளைக்கே காதுக்குப் பின்னால நாலு விரல் அகலம் வழிச்சால் காணுமே!"

"அவ்வளவுதானோ?" என்று பிலோமினா தானாகவே முக்காலியில் ஏறி, காதைத் திருப்பிக் காட்டினாள். என்னைப் பார்த்துச் சிரித்தபடியே சத்திர சிகிச்சை அறைக்குள்ளும் போனாள். கதவு சாத்திய பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். (முடிக்காக அல்ல. சரி, கொஞ்சம் முடிக்காகவும்தான்.)

காது பிழைத்தது. எனக்கு ஒருவராவது நன்றி சொன்னார்களா? உயிலங்குளத்துப் பெண்வீட்டுக்குப் போனால், மாமனாராகப் போகிறவர் வாசல் படலையிலேயே மறித்து, "தம்பி, மறியல்வீட்டால எப்ப வெளியில விட்டவங்கள்?" என்று கேட்கிறார். உத்தியோகத்தில் இருப்பவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! கலியாணத்தன்று கோயிலில் சுவாமியார் சம்மதம் கேட்டபோது, மணப்பெண் என் தலையைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகுதான் பதில் சொன்னாள்.

பிலோமினா இப்போது நாலு பிள்ளைகளின் தாய். அவர்களில் எவருக்கு ஊசி என்றாலும், பல்லுப் பிடுங்குவது என்றாலும், முதலில் எனக்குத்தான் என்று என்னைக் கூட்டிப்போக ஆள் வரும். அவளுடைய காது இன்றைக்கும் தங்கமான காது. அடுத்த அறையில் பிள்ளைகள் குசுகுசுப்பதுகூடக் கேட்கும். "நான் வரமாட்டன்" என்று நான் தொண்டை கிழியக் கத்துவது மட்டும் கேட்பதேயில்லை.