அப்ரூவல் அண்ணனின் கோயமுத்தூர் ஆர்டர்

சாம்பிள் பார்க்காமல் பிறந்துவிட்டோமே என்று வாழ்நாள் முழுக்க வருத்தப்பட்ட ஒரே மனிதர் எங்கள் அப்ரூவல் அண்ணன்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். திருப்பூர் நல்லூரில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. அவர் புரொடக்‌ஷன் மேனேஜர். நான் தெற்கேயிருந்து பிழைக்க வந்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்த கல்யாணமாகாத பையன்.

திருப்பூரில் எந்த ஆர்டர் வந்தாலும் முதலில் ஒரே மாதிரி இரண்டு சட்டை தைப்போம். ஒன்று பையருக்குப் போகும். இன்னொன்று கவுன்ட்டர் சாம்பிள் என்ற பெயரில் கம்பெனி பீரோவிலேயே இருக்கும். பையர் போட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, துவைத்துப் பார்த்து 'ஓகே' என்று அப்ரூவல் கொடுத்தால்தான் பல்க் வேலை, அதாவது மொத்தத் தையல், தொடங்கும். ஊரே இப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஊர் அதைக் கம்பெனி கேட்டுக்குள் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும். அண்ணனோ அதைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார்.

டீக்கடையில் முதலில் ஒரு மடக்கு ஊற்றச் சொல்லிக் குடித்துப் பார்ப்பார். "சக்கரை ஓகே, டிகாஷன் கொஞ்சம் லைட்டுங்க, ஷேடு ஏத்துங்க" என்பார். பிறகுதான் கூட வந்த எங்கள் ஆறு பேருக்கும் டீ வரும். சலூனில் ஒரு காதுப் பக்கம் மட்டும் வெட்டச் சொல்லி, கண்ணாடியில் பார்த்து ஓகே சொன்ன பின்தான் மறுபக்கம். ஒருநாள் பாதியில் கரண்ட் போய்விட்டது. மெஷினை நம்பியிருந்த கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அண்ணன் அன்று முழுக்க வலப்பக்கம் மேனேஜராகவும் இடப்பக்கம் சாமியாராகவும் தையல் லைனில் சுற்றிவந்தார். டெய்லர்கள் தையலை விட்டுவிட்டு அவரையே பார்த்ததில் அன்றைய புரொடக்‌ஷன் படுத்துவிட்டது.

"ஏண்ணே இப்படி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தம்பி, ஒரு சட்டை தப்பாப் போனா ஒரு சட்டைதானுங்க. பல்க்கு தப்பாப் போனா ஊடே போச்சுங்க" என்றார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு மகள். பெயர் மதுமிதா, வயது நாலு. அவளுக்கு ஒரே ஆசை, அப்பாவோடு கோயமுத்தூர் போக வேண்டும். பார்க்கில் குரங்கு, மான், பொம்மை ரயில் எல்லாம் இருப்பதாக பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தது. அண்ணனும் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். அந்த ஞாயிறு ஷிப்மென்ட், சரக்கு அனுப்பும் நாள். அடுத்த முறை சொன்னார், அப்போதும் ஷிப்மென்ட். ஒவ்வொரு தடவையும் குழந்தை ஷூ போட்டுக்கொண்டு மத்தியானம் வரை வாசலில் நின்றிருக்கிறது. அதற்கடுத்த முறை அவர் "கண்ணு, வர்ற ஞாயித்துக்கெழமை கோயமுத்தூர் போறமுங்க" என்று சொன்னபோது, மது படம் வரைந்துகொண்டிருந்தாளாம். தலையைக்கூடத் தூக்கவில்லையாம்.

"நீங்க போயிட்டு வந்து சொல்லுங்கப்பா."

இதை என்னிடம் சொன்னபோது அண்ணனுக்குக் குரல் இறங்கிவிட்டது. இருபது வருஷ சர்வீஸில் ஒரு பையருக்கும் டெலிவரி தேதி தவறாதவர். பெற்ற பிள்ளை ஆர்டரைக் கேன்சல் செய்துவிட்டது!

மறுநாள் காலை என் மேஜை முன்னால் வந்து நின்றார். முகம் முழுக்க வெளிச்சம். "தம்பி, இந்தத் தடவ முறையாப் பண்ணீர்லாமுங்க. பாப்பாவ அடுத்த ஞாயிறு கூட்டிட்டுப் போறேன். இந்த ஞாயிறு சாம்பிள்."

"சாம்பிளுக்குக் குழந்தை வேணுமேண்ணே?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் எப்போதும் மாலை மாதிரி கிடக்கும் இஞ்ச் டேப்பைத் தடவினார்.

"என்னண்ணே சொல்லுதிய!" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். பிரயோஜனமில்லை.

ஞாயிறு காலை கோயமுத்தூர் பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, மடியில் ஒரு டவலைப் போட்டார். கையில் பிஸ்கட்டைக் கொடுத்தார். பஸ் அவிநாசி தாண்டுவதற்குள் ஊருக்கே கேட்கிற மாதிரி பலமுறை விசாரித்துவிட்டார். "ஒண்ணுக்கு வருதுங்களா?"

"வரலண்ணே."

"வாந்தி?"

"வரலண்ணே."

முன் சீட்டு அம்மா பொறுக்க முடியாமல் திரும்பினார். "ஏனுங்க, தம்பிக்கு ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. இவரு சாம்பிளுங்க" என்றார் அண்ணன். அந்த அம்மா பரிதாபப்பட்டு எனக்கு ஒரு ஆரஞ்சுப்பழம் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

பார்க்கில் குரங்குக் கூண்டின் முன் நிறுத்தினார். "பயமா இருக்குங்களா?"

"இல்லண்ணே."

"உங்களைக் கேக்கலீங்க தம்பி. பாப்பாவா நின்னு சொல்லுங்க."

நான் யோசித்தேன். குரங்கும் என்னைப் பார்த்து யோசித்தது. "கொஞ்சம் பயமாத்தாம்ணே இருக்கு."

"அப்படிச் சொல்லுங்க! குரங்கு ஓகே, ஆனா ரெண்டடி தள்ளி நிக்கோணும்."

பொம்மை ரயிலில் டிக்கெட் கொடுப்பவர், "கொழந்தை எங்கீங்க?" என்று கேட்டார். அண்ணன் என் தோளில் கை வைத்தார். அந்த மனிதர் என் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ரயில் ஓடும்போது அண்ணன் சீட்டின் அகலம், கம்பியின் இடைவெளி எல்லாவற்றையும் டேப்பால் அளந்துகொண்டே வந்தார். பின் பெட்டியிலிருந்த குடும்பம் இவரை ரயில்வே அதிகாரி என்று நினைத்து, மழைக்குக் கூரை போடச் சொல்லி மனு கொடுத்தது.

மானிடம் வந்தோம். "தம்பி, முட்டி போடுங்க."

"எதுக்குண்ணே?"

"பாப்பா ஒசரத்துக்கு வரோணுமல்லங்க."

வேலியின் முன்னால் இரண்டு முழங்காலையும் ஊன்றினேன். கூட்டம் சேர்ந்தது. ஒரு சின்னப் பையன் இது ஏதோ மானுக்கான வேண்டுதல் என்று நினைத்து என் பக்கத்தில் அவனும் முட்டி போட்டான். அவன் தங்கையும் போட்டாள்.

"மான் தெரியுதுங்களா?"

"கம்பிதாம்ணே தெரியுது."

அண்ணன் துள்ளிக் குதித்துவிட்டார். "பாத்தீங்களா! சாம்பிள் போடாம வந்திருந்தா என்ற புள்ள கம்பியப் பாத்துட்டுத் திரும்பி வந்திருக்குமுங்க. தூக்கிக்கோணும்!" அந்த உற்சாகத்தில் என்னையே தூக்கிப் பார்க்க வந்தார். கையெடுத்துக் கும்பிட்டுத் தப்பித்தேன்.

கடைசியாக ஒரு பெரிய ஜவுளிக்கடை. அங்கே நகரும் படிக்கட்டு. நான் அதை அதுவரை பார்த்ததேயில்லை. ஒரு கால் மேலே போக, ஒரு கால் தரையிலேயே நின்றுவிட, "எம்மா!" என்று அலறிவிட்டேன். அன்று முழுவதிலும் நடிக்காமல் செய்தது அது ஒன்றுதான். அண்ணனும் ஏறவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எஸ்கலேட்டர் ரிஜெக்ட்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிறு நிச்சயம் என்று மதுவிடமும் சொல்லி வைத்திருந்தார். தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை, தொப்பி எல்லாவற்றையும் பேக்கிங் செக்‌ஷனில் வைத்து அடுக்கி அடுக்கிப் பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். ஒரு கலர் சட்டைகள் இருந்த பெட்டிகளை எல்லாம் பிரித்து மறுபடியும் செக் செய்ய வேண்டும், ஞாயிறு சாயங்காலம் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும் என்றார்.

அண்ணன் என் மேஜைக்கு வந்து பட்டன் போனை எடுத்தார். வீட்டுக்கு அடித்தார். மது எடுத்தாள். எனக்கும் கேட்டது.

"கண்ணு..." என்றார் அண்ணன்.

"ஷிப்மென்ட்டுங்களாப்பா?"

அழுகை இல்லை, கோபம் இல்லை. நாலு வயதுக் குழந்தை ரொம்ப மரியாதையாகக் கேட்டது. அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு மறுபடி காதில் வைத்து, "இல்லீங்க கண்ணு. ஷூவத் தொடைச்சு வைங்க" என்றார். நேராக முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மொதலாளி, நாளைக்கு எனக்கு ஒரு டெலிவரி இருக்குதுங்க. பல தடவ தேதி மாத்திட்டனுங்க. இனியும் மாத்துனா அந்தப் பார்ட்டி நம்ம பக்கமே திரும்பாதுங்க."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிங்களா? எந்த பையருங்க?"

"மதுமிதாங்க."

முதலாளிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பேனாவை மூடி வைத்தார். "சரிங்க. அப்ப கண்டெய்னர ஆரு பாக்கறதுங்க?"

அண்ணன் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். "கவுன்ட்டர் சாம்பிள் கம்பெனியிலதானுங்க இருக்குது."

கண்டெய்னருக்கு எந்தப் பக்கம் கதவு என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் முதலாளி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு முட்டாயி வாங்கிக் குடுங்க" என்று சிரித்துவிட்டார்.

ஞாயிறன்று பெட்டிகளுக்கு நடுவே நின்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன் சரக்கைப் பற்றித்தான் கேட்பார் என்று பதிலோடு எடுத்தேன்.

"தம்பி! குரங்கப் பாத்துக் கைதட்டறாளுங்க! ரெண்டடி தள்ளியே நிக்க மாட்டீங்கறா!"

வைத்துவிட்டார். மறுபடி அடித்தார். "தம்பி, மான் தெரியுதுங்க! தூக்கிட்டனுங்க!" பிறகு வந்த போனில் ஒரே இரைச்சல். "தம்பி, எஸ்கலேட்டருங்க! எறங்கவே மாட்டீங்கறா! எனக்குத்தான் பயம், அவதான் கையப் புடிச்சுட்டு நிக்கறா! மறுக்கா ஏறப் போறமுங்க!" ரிஜெக்ட் செய்த ஐட்டம்தான் அன்று முழுக்க ஓடியிருக்கிறது. கண்டெய்னரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் கடைசிப் பெட்டி ஏறுகிற நேரத்தில் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டார்கள். மது அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஷூவைக் காணோம். அண்ணன் சட்டையெல்லாம் ஐஸ்கிரீம். இஞ்ச் டேப் குழந்தையின் தலையில் ரிப்பனாகக் கட்டியிருந்தது. கண்டெய்னர் கதவைச் சாத்தும் சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு அப்பாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மறுக்கா எப்பங்கப்பா போறோம்?"

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது. அடுத்த நொடி பேக்கிங் ஹால் அதிரக் கத்தினார்.

"ரிப்பீட் ஆர்டருங்க! தம்பி, ரிப்பீட் ஆர்டர்!"

பேக்கிங் பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். திருப்பூரில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது.

இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். எந்த ஊர்ப் பூங்காவுக்குப் போனாலும் வேலியின் முன்னால் முதலில் நான் முட்டி போட்டுப் பார்க்கிறேன். சனங்கள் சிரிக்கிறார்கள், என் மனைவி வேறு யாரோ போலத் தள்ளி நிற்கிறாள். கம்பிதான் தெரிகிறது. அண்ணனை நினைத்துக்கொண்டு மகளைத் தூக்கிக்கொள்கிறேன்.